வெள்ளி உடம்பில் அவசரப் பச்சை: 1/48 மிக்-21 மாடலுக்கு அழுக்கேற்றிய அனுபவம்

1971 இந்திய-பாகிஸ்தான் போர்க்கால மிக்-21 போர் விமானத்தின் எஃப்எல் வகை மாடல் ஒருவழியாக முடிந்து கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது. எடுவார்ட் நிறுவனத்தின் 1/48 பிளாஸ்டிக் கிட், அதாவது நிஜ விமானத்தில் 48இல் ஒரு பங்கு அளவு. ஒட்டும் வேலையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, அது சுலபமாகவே முடிந்தது. எனக்கு வேலை வைத்தது அதற்குப் பிறகு வந்த பூச்சும் அழுக்கும்தான். அதைப் படிப்படியாக எழுதி வைக்கிறேன். நம் விமானப்படையின் வெள்ளி நிற மிக்குகளைச் செய்ய நினைப்பவர்களுக்குக் கைகொடுக்கும்.

அந்தக் காலத்து எஃப்எல்களுக்கு நிறப்பூச்சு கிடையாது. வெறும் உலோகம் பளிச்சென்று தெரியும். 1971 போரை ஒட்டி அவற்றில் சிலவற்றுக்கு அவசர அவசரமாகக் கரும்பச்சைப் பட்டைகள் தீட்டினார்கள். கீழிருக்கும் உலோகம் பட்டைகளுக்கு நடுவே அங்கங்கே வெளியே தெரியும். கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே அந்த அவசரம் தெரிகிறது. ஒரு பட்டைபோல் இன்னொன்று இருக்காது, ஓரங்கள் கூர்மையாக இருக்காது. நான் செய்ய விரும்பியது அதைத்தான்.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தீர்மானித்துக்கொண்டேன். முழு வேலையும் அதன்மேல்தான் நிற்கிறது. இந்த விமானத்தில் இரண்டு வயது அழுக்கு உண்டு. உலோகம் சில வருடங்களாக வெயிலிலும் மழையிலும் பறந்தது. எரிபொருள் கறை, எண்ணெய்க் கசிவு, பின்பகுதியில் வெப்பம் ஏற்றிய நிறம் எல்லாம் அதில் ஊறிப்போயிருக்கும். பச்சைக்கு அதிகம் போனால் சில வாரங்கள்தான் வயது என்று எடுத்துக்கொண்டேன். அதில் வெயில் வெளிற வைத்த தடம் இருக்க நியாயமில்லை. சரியாகப் பிடிக்காத பெயின்ட் தேய்ந்துபோன தடம்தான் இருக்க வேண்டும். பலரும் எல்லாப் பூச்சையும் முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே வாஷை (நீர்க்கக் கரைத்த அழுக்கு நிறச் சாயம்) மொத்தமாக ஓட்டுவார்கள். பச்சைக்கும் உலோகத்துக்கும் ஒரே அழுக்கு ஏறிவிடும், விமானம் முழுக்க ஒரே நாளில் பிறந்ததுபோல் ஆகிவிடும். அதனால் முதலில் உலோகம், அதன் அழுக்கு, டெக்கால் (சின்னங்களும் எண்களும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்), அதற்குப் பிறகு பச்சை, கடைசியாகப் பச்சையின் தேய்மானம் என்று வரிசை போட்டேன். நிஜ விமானத்திலும் பச்சை இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வந்தது.

முதல் கட்டம் கறுப்பு. வெள்ளி நிறம் நன்றாக வருவதும் வராமல் போவதும் அடியில் இருக்கும் பளபளப்புக் கறுப்பைப் பொறுத்தது. ஒட்டிய இடங்களை 1000 உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பிறகு 2000, அதற்குப் பிறகு 4000 ஸ்பாஞ்ச். மற்ற நிறங்களுக்கு 1000 போதும். வெள்ளிக்குப் போதாது, தலைமுடி அளவு கீறல்கூட விளக்கு வெளிச்சத்தில் வரிவரியாகத் தெரியும். முதுகெலும்புபோல் மேலே ஓடும் பகுதியின் இணைப்புக் கோட்டில்தான் அதிக நேரம் போனது. விரல் நகத்தை அதன்மேல் குறுக்கே ஓட்டிப் பார்த்தேன். நகம் தட்டினால் இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

லாக்கர் கறுப்பை 0.3 மி.மீ. நாசில் ஏர்பிரஷில் (பெயின்டைக் காற்றால் தெளிக்கும் கருவி), 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மூன்று மெல்லிய பூச்சாக அடித்தேன். சென்னையில் இந்தக் கட்டத்தில் ஒரு தொல்லை உண்டு. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் லாக்கர் வெளுத்துப்போகும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிவதால் வருவது இது. இடது இறக்கையின் மேல் சாம்பல் பூத்ததுபோல் ஒரு திட்டு வந்தது. அதைத் தேய்த்து எடுக்கத் தேவையில்லை. தின்னரில் சில சொட்டு ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்து, நிறம் எதுவும் இல்லாமல் அதை மட்டும் பனிபோல மேலே அடித்தால் பூச்சு மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்பிவிடும். அதன்பின் எல்லா லாக்கர் வேலையையும் மதிய நேரத்துக்கு மாற்றினேன். கம்ப்ரஸரின் நீர்ப்பொறியையும் அவ்வப்போது திறந்து வடித்துவிட வேண்டும்.

ஹார்டுவேர் கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கும் என்சி தின்னர் ஏர்பிரஷ் கழுவ அருமையானது, விலையும் குறைவு. ஆனால் அதை வைத்து மாடலுக்குப் பெயின்ட் கலக்காதீர்கள். அது பிளாஸ்டிக்கைக் கடித்து மேற்பரப்பை வெடிக்க வைத்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கேட்ரிஜ் மாஸ்க் கட்டாயம் வேண்டும். துணி மாஸ்க் எதற்கும் உதவாது.

அடுத்தது உலோகம். வல்லேஹோ நிறுவனத்தின் மெட்டல் கலர் பெயின்ட் எடுத்தேன். தண்ணீர் வகை, வாடை கிடையாது, மாடலிலிருந்து 5 முதல் 7 செ.மீ. தூரத்தில் பிடித்து மெல்ல அடித்தால் உலோகம் மாதிரியே இருக்கும். உடம்பு முழுக்க அலுமினியம். அது காய்ந்ததும் சில பேனல்களை (உடம்பை மூடும் தனித்தனித் தகடுகள்) மட்டும் டேப்பால் சுற்றி மறைத்து, டியூராலுமினியம், டார்க் அலுமினியம், ஒயிட் அலுமினியம் என்று மாற்றி மாற்றி அடித்தேன். இந்தப் பெயின்டின் பலவீனம் டேப். பிடிப்பு குறைவு என்பதால் டேப்போடு உரிந்து வரும். டமியா டேப்பை முன்னங்கையில் நாலைந்து தடவை ஒட்டி எடுத்து, பசையைக் குறைத்த பிறகே மாடலில் ஒட்டினேன். எடுக்கும்போது மேலே இழுக்காமல், டேப்பைத் தன்மேலேயே மடித்துப் படுக்க வைத்த வாக்கில் இழுக்க வேண்டும்.

எந்த பேனலுக்கு எந்த நிறம் என்பதைக் கண்டபடி போடக் கூடாது. சதுரங்கப் பலகை மாதிரி ஆகிவிடும். மிக்-21இன் எஞ்சினை எடுக்க வேண்டுமானால் உடம்பின் பின்பகுதியையே மொத்தமாகக் கழற்றுவார்கள். இறக்கைக்குப் பின்னால் உடம்பைச் சுற்றி ஓடும் ஒரு இணைப்பு வளையம் அதற்காகத்தான். ஆகவே அந்த வளையத்துக்குப் பின்னால் இருப்பது வேறு ஆள்போலத் தெரிய வேண்டும். பின்பகுதி முழுவதற்கும் டார்க் அலுமினியத்தை மிக மெல்லிய ஒரு பூச்சாகக் கொடுத்தேன். வளையத்தின் இரண்டு பக்கமும் நிறம் மாறுவது அரைப்படிதான், ஆனாலும் கண்ணுக்கு உடனே தெரிகிறது. இந்த மாடலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

எஞ்சினின் சூடான வாயு வெளியேறும் பின்வாய்க்கு வெப்ப நிறம். சூடேறிய எஃகு முதலில் வைக்கோல் மஞ்சளாகும், சூடு கூடக்கூடப் பழுப்பு, ஊதா, நீலம் என்று போகும். அதே வரிசையில்தான் அடிக்க வேண்டும். மஞ்சள் விளிம்பு வெளியே, நீலம் உள்ளே. டமியாவின் ஒளி ஊடுருவும் பெயின்ட்களில் ஆரஞ்சு எக்ஸ்-26, சிவப்பு எக்ஸ்-27, நீலம் எக்ஸ்-23 மூன்றையும் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தின்னர் சேர்த்து, 10 பிஎஸ்ஐயில் அடித்தேன். ஊதா தனியாக வேண்டாம், சிவப்பும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் தானே வந்துவிடும். ஒரு தடவை அடித்தால் எதுவுமே தெரியாது. நாலாவது, ஐந்தாவது பூச்சில் திடீரென்று தெரியும். தெரிந்த அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

மேலே ஒரு லாக்கர் கிளியர், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு. அது உலோகப் பளபளப்பைக் கொஞ்சம் மங்க வைக்கும் என்பது உண்மை. சில வருடம் ஓடிய விமானத்துக்கு அந்த மங்கல் நல்லதே.

இப்போது உலோகத்தின் வயது. கேமல் ஆயில் கலரில் பர்ன்ட் அம்பரும் கறுப்பும் கலந்து, வாடை குறைந்த ஒயிட் ஸ்பிரிட்டில் தேநீர் நிறத்துக்குக் கரைத்துக்கொண்டேன். நுனி மெலிந்த பிரஷால் பேனல் கோட்டைத் தொட்டால் போதும், தானே ஓடிவிடும். அரை மணி நேரம் கழித்துக் காட்டன் பட்டால் துடைத்தேன். மேலும் கீழுமாக இல்லை, காற்று போகும் திசையில், மூக்கிலிருந்து வாலுக்கு. முதுகிலுள்ள எரிபொருள் மூடிகளிலிருந்து பக்கவாட்டில் இறங்கும் கறை, வயிற்றுப்பக்கம் ஹைட்ராலிக் எண்ணெய் வழிந்த கோடு, சக்கரக் கதவுகளின் பின்விளிம்பு, இந்த மூன்று இடத்தில் மட்டும் கொஞ்சம் கனமாக விட்டேன். வழிந்த கறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிற்கும்போது வழிந்தது நேராகக் கீழே இறங்கும், பறக்கும்போது வழிந்தது பின்னால் ஓடும். இரண்டும் கலந்திருந்தால்தான் நம்பும்படி இருக்கும்.

டெக்கால் பச்சைக்கு முன்பே ஒட்டினேன். இதற்கு இரண்டு காரணம். பச்சை வருவதற்கு முன்பே விமானத்தில் வட்டச் சின்னமும் எண்ணும் இருந்தன. தீட்டியவர்கள் அவற்றைச் சுற்றித்தான் தீட்டியிருக்க முடியும். இன்னொன்று, டெக்காலின் வெள்ளை மெல்லியது. அடியில் பச்சை இருந்தால் வெள்ளை வளையத்தில் எட்டிப் பார்க்கும். உலோகத்தின் மேல் அந்தப் பிரச்சினை குறைவு. மைக்ரோ செட் திரவம் தொட்டு ஒட்டி, காய ஆரம்பித்ததும் டெக்காலை இளக்கும் மைக்ரோ சால் தடவினேன். சுருங்கிக் கோணலாகப் போகும், பயப்பட வேண்டாம், தொடாமல் விட்டால் தானே படிந்துவிடும். மேலே பாதிப் பளபளப்புள்ள ஒரு லாக்கர் பூச்சு. அடுத்து வரும் பச்சைக்கு இந்தச் சொரசொரப்பு தேவை.

இனிப் பச்சை. முதலில் எல்லோரும் செய்யும் ஹேர்ஸ்பிரே முறையை ஒரு பழைய கிட்டின் இறக்கையில் செய்து பார்த்தேன். வெள்ளியின் மேல் ஹேர்ஸ்பிரே, அதன்மேல் அக்ரிலிக் பச்சை, பிறகு தண்ணீர் தொட்டுப் பல்குத்தியால் சுரண்டுவது. பச்சை செதில் செதிலாகப் பெயர்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பசிபிக் தீவுகளில் நின்ற ஜப்பானிய விமானம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே செய்துவிடுவேன். எனக்கு வேண்டியது செதில் இல்லை. வழுவழுப்பான உலோகத்தில் அவசரமாக இழுத்த பெயின்ட் மெலிந்து, தேய்ந்து, அடியில் உலோகம் மங்கலாகத் தெரிவது. ஏர்பிரஷில் அடித்த அக்ரிலிக் அந்த மாதிரித் தேயாது. ஒட்டியிருக்கும், இல்லையென்றால் பெயர்ந்துவிடும். நடுவில் எதுவும் கிடையாது.

அதற்கு விடை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் போஸ்டர் கலரில் கிடைத்தது. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். லாக்கரை ஒன்றும் செய்யாது. பிடிக்கவில்லையென்றால் ஈரப் பஞ்சால் துடைத்து மொத்தமாக எடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம், கீழே இருக்கும் வெள்ளிக்கும் டெக்காலுக்கும் ஒரு சேதமும் வராது. இந்த ஒரு வசதிக்காகவே இனி இதை விடமாட்டேன்.

சாப் கிரீனில் கறுப்பும் துளி பர்ன்ட் அம்பரும் கலந்தேன். வழுவழுப்பான இடத்தில் தண்ணீர்ச் சாயம் முத்து முத்தாக ஒதுங்கும். அதற்குப் பல்குத்தி நுனியில் எடுத்த பாத்திரம் கழுவும் சோப்பு போதும். கூடினால் நுரைக் குமிழி விழும். சாயம் கெட்டியாக இருக்கவும் கூடாது, தடிமனாகக் காய்ந்தால் விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். பாலைவிடக் கொஞ்சம் கெட்டி, தயிரைவிட நன்றாக நீர்த்தது, அந்தப் பதம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். போஸ்டர் கலர் காய்ந்தால் வெளிறும், மேலே கிளியர் அடித்ததும் காய்ந்ததைவிட இருட்டாகிவிடும். அதனால் சோதனைத் துண்டில் கிளியர் அடித்துப் பார்த்தே நிறத்தை முடிவு செய்ய வேண்டும். நான் கடைசியில் எடுத்த கலவை, கிண்ணத்தில் பார்க்கும்போது தேவையானதைவிட ஒரு படி வெளிர்தான்.

பிரஷின் அகலத்தைக் கணக்குப் போட்டேன். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் நாலு அங்குல பிரஷ் ஏறக்குறைய 100 மி.மீ. அதை 48ஆல் வகுத்தால் 2.1 மி.மீ. ஆகவே 2 மி.மீ. அகலமுள்ள தட்டை பிரஷ் ஒன்றை எடுத்து, விமானம் முழுவதையும் அது ஒன்றாலேயே தீட்டினேன். மூலைக்கு மெல்லியது, பரப்புக்குப் பெரியது என்று மாற்றவில்லை. இறக்கையின் மொத்த அகலம் முனைக்கு முனை நிஜத்தில் 7.15 மீட்டர், மாடலில் 149 மி.மீ. அந்தப் பரப்பில் 2 மி.மீ. பிரஷால் பட்டை இழுத்தால் ஒவ்வொரு பட்டைக்கும் அஞ்சாறு இழுப்பு வேண்டியிருக்கும். இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே மெல்லிய வெள்ளிக் கீற்று விடுபடும், பிரஷில் சாயம் தீரத் தீர இழுப்பின் கடைசி நார் நாராகப் பிரியும். கிட்டே வைத்துப் பார்த்தால் ஒரு ஆள் வாளியும் பிரஷுமாக இறக்கைமேல் நின்று வேலை செய்தது கண்ணுக்குத் தெரிகிறது. பட்டையின் ஓரத்தை எங்கேயும் நேராக்கவில்லை. சின்னத்தைச் சுற்றி மட்டும் ஒரு பிரஷ் அகலம் இடம் விட்டு வளைத்தேன்.

தேய்மானத்துக்குக் கருவி ஈரப் பிரஷும் காட்டன் பட்டும். பிரஷைத் தண்ணீரில் தோய்த்து, துணியில் ஒற்றி, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். யார் கை, யார் கால் பட்டிருக்கும் என்று ஒவ்வொரு இடமாக யோசித்தேன். விமானி இடப்பக்கம் ஏணி மாட்டித்தான் ஏறுவார், காக்பிட்டின் அந்த விளிம்பில் பச்சை நிற்காது. எரிபொருள் மூடிகளைச் சுற்றி மண்ணெண்ணெய் வகை ஜெட் எரிபொருள் வழிந்து பெயின்டை இளக்கியிருக்கும், அங்கே பச்சையை வட்டமாக மெலிய வைத்தேன். பின்பகுதி இணைப்பு வளையத்தில் ஸ்பேனர் பட்டு நான்கைந்து இடத்தில் உலோகம் வரை போயிருக்கும். இறக்கையின் முன்விளிம்பில் காற்று அரித்தது. இறக்கையின் நடுப்பரப்பில் கை வைக்கவே இல்லை. வாரக்கணக்கில் வயதுள்ள பெயின்ட் அங்கே புதிதாகத்தான் இருக்கும்.

கிளியரில் கவனம் வேண்டும். போஸ்டர் கலரின்மேல் தண்ணீர் வகை வார்னிஷ் போட்டால் மொத்தமும் கரைந்து ஓடிவிடும். பளபளப்பில்லாத லாக்கர் மட் கிளியர்தான் வழி. அதையும் ஈரமாக அடிக்காமல் 20 செ.மீ. தள்ளி நின்று, தூசிபோல இரண்டு பூச்சு, காய விட்டு மறுபடி இரண்டு. வெள்ளி மட்டும் தெரியும் இடங்களில் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர, கிளியர் நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய பருத்தித் துணியால் லேசாகத் தேய்த்தேன். பச்சை மட்டாகவும், நடுவில் தெரியும் உலோகம் ஓரளவு மின்னியும் நிற்கும் அந்த வித்தியாசம் இங்கேதான் வந்தது.

ஆயுதம் தீர்மானிக்க எனக்கு நேரம் எடுக்கவில்லை. 1971 டிசம்பர் 14 அன்று 28வது ஸ்குவாட்ரன் மிக்-21கள் டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியது 57 மி.மீ. ராக்கெட்டுகளால். என் மாடலைக் குறிப்பிட்ட ஒரு விமானம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தத் தாக்குதலை நினைத்தே இரண்டு இறக்கையிலும் யுபி-16 ராக்கெட் உருளைகளை மாட்டினேன். ஒவ்வொன்றிலும் 16 குழாய். ஒவ்வொரு வாயையும் 0.8 மி.மீ. துளைக்கருவியால் கையாலேயே கொஞ்சம் ஆழமாக்கி, உள்ளே கறுப்பும் வெளி விளிம்பில் சாம்பல் புகைத் தடமும் கொடுத்தேன். உருளையின் முன்முகத்தில் மட்டும் புகை, பின்னால் போகப்போக மெலிந்துவிடும்.

சக்கரங்களுக்குத் தூசி. ஸ்டேஷனரி கடையின் சாக்பீஸ் வகை பேஸ்டலை 400 உப்புத்தாளில் உரசி எடுத்த பொடி, மண் நிறத்தில் சாம்பல் கொஞ்சம் சேர்த்தது. டயரின் தரை தொடும் பட்டையிலும் அதற்கு நேர் மேலே உள்ள கதவின் உட்புறத்திலும் மட்டும் தடவினேன். ஓடுதளத்தில் ஓடிய விமானம் இது, சேற்றில் நின்றது அல்ல. மூக்கின் மேல் நீளும், வேகத்தை அளக்க உதவும் பிட்டாட் குழாயைக் கடைசியாக ஒட்டினேன். முன்பே ஒட்டியிருந்தால் கட்டாயம் எங்காவது இடித்து உடைந்திருக்கும்.

செலவு: கிட் சுமார் 5,000 ரூபாய். மெட்டல் கலர் நான்கு புட்டி 3,200. லாக்கர் கறுப்பும் கிளியரும் தின்னரும் சேர்த்து 1,800 ஆனது, பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. டேப், மைக்ரோ செட், மைக்ரோ சால் எல்லாம் கையில் இருந்தவை. பச்சை நிறம் முழுவதற்கும் ஆன செலவு, மூன்று போஸ்டர் கலர் புட்டிகள், 100 ரூபாய்க்குள்.

அடுத்த தடவை மாற்றப்போவது இரண்டு. மெட்டல் கலருக்கு மேல் டேப் ஒட்டும் வேலையைக் குறைக்க, மாறும் பேனல்களை லாக்கர் வகை வெள்ளியில் முதலில் அடித்து மறைத்துவிட்டு, உடம்பு நிறத்தைப் பிறகு அடிப்பேன். வயிற்றுப்பக்கத்தில் வாஷ் ஒரு படி கூடிவிட்டதாக எனக்குப் படுகிறது. அங்கே ஆயில் கலரை இன்னும் ஒரு மடங்கு நீர்க்கக் கரைத்து, அரை மணிக்குப் பதில் பத்து நிமிடத்திலேயே துடைப்பேன். நாட் என்ற சிறிய போர் விமானத்தின் கிட் ஒன்று பெட்டி திறக்காமல் இருக்கிறது. அதுவும் அதே போரில் பறந்த விமானம், அதில் இந்த இரண்டையும் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.